பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை

(வானகரத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படிச்சுட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் பைப்பு, வால்வு என்று திரிகிறவன் குழந்தையின் ஈரலைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று நினைப்பீர்கள். இதுவும் ஒரு பைப்லைன் சமாச்சாரம்தான். ஈரலில் சுரக்கும் பித்தநீர் சன்னமான குழாய்கள் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு, பிறந்த சில வாரங்களில் அந்தக் குழாய் தழும்பாகி அடைத்துப் போகிறது. பித்தநாள அடைப்பு, டாக்டர்கள் பிலியரி அட்ரீசியா என்பார்கள். லைன் அடைத்தால் பின்னால் இருக்கிற மிஷின் கெடும். இங்கே கெடுவது ஈரல்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் காமாலை வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். அதனால்தான் இந்த வியாதி அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்கிறது. குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும். ஆனால் மலம் சுண்ணாம்பு போல, களிமண் போல வெளுத்திருக்கும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை போடும். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்வதற்கு மன்னிக்கணும்!

என் அக்கா குழந்தைக்கு மூன்று வாரமாகியும் கண் மஞ்சள் போகவில்லை. காட்டிய கிளினிக்கில், "காலை வெயிலில் காட்டுங்கம்மா, சரியாயிடும்" என்றார்கள். "பால் குடிக்கிற பிள்ளைக்கு வெள்ளையாத்தான் போகும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குப் போனபோதுதான் நர்ஸம்மா ஒருவர், "ஆய் என்ன கலர்ல போகுது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி! அடுத்த நாளே ரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். 56-ஆம் நாள் ஆபரேஷன்.

அந்த ஆபரேஷனைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் செண்டாய் நகரத்து மோரியோ கசாய், 1950-களில். அடைத்த குழாயை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து நேராக ஈரலின் வாயிலில் தைத்துவிடுகிறார்கள். பைபாஸ் லைன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 60 நாளுக்குள் செய்தால் பித்தநீர் ஓட நல்ல வாய்ப்பு. தள்ளிப்போகப் போக அது குறைகிறது. ஓடினாலும் பல குழந்தைகளுக்குப் பின்னால் ஈரல் மாற்று தேவைப்படும். அக்கா பெண் இப்போது இரண்டாம் வகுப்பு. மாத்திரையும் செக்கப்பும் தொடர்கின்றன.

தைவானில் 2004 முதல், பிறந்த குழந்தையோடு மல நிற அட்டை ஒன்றையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். தாயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 60 நாளுக்குள் ஆபரேஷன் ஆகிற குழந்தைகள் அங்கே கூடினார்கள். ஓர் அட்டைக்கு என்ன பெரிய செலவு, நம் ஊரிலும் கொடுத்தால் என்ன என்பது என் ஆதங்கம்.

ஈரல் கெட்டுவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. இதோ இந்தப் பெங்களூர் ஹைவேயில் போனால் வரும் காஞ்சிபுரத்துக் குழந்தைதான் சஞ்சய் கந்தசாமி. இதே வியாதி. 1998 நவம்பரில், 20 மாதக் குழந்தையாக இருந்தபோது, டெல்லி அப்போலோவில் அவன் அப்பா தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

மாணவச் செல்வங்களே, உங்கள் அக்கா, அண்ணி வீட்டில் கைக்குழந்தை இருக்கும். 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் 'டைரக்ட் பிலிருபின்' எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். மொத்த அளவு மட்டும் போதாது. டைரக்ட் கூடினால் வெயில் அதைக் குறைக்காது; உடனே குழந்தைகள் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு வெளிச்சத்திலும் செல்போன் படத்திலும் நிறம் மாறித் தெரியும்.