மலையேரியில் ஒரு பழங்கப்பல்

ஒரு படகின் எஞ்சின் தேய்ந்துபோனால், அல்லது கழற்றி எடுக்கப்பட்டு அதன் இடம் வெறுமையாய்க் கிடந்தால், அந்தப் படகின் காலம் முடிந்தது என்று சொல்லிவிடுவது உலக வழக்கம். பழைய இரும்புக்கும் விறகுக்கும் விலை பேசுவோரும் உடனே வந்து சேர்வர். ஆயின், படகின் ஆயுள் வேறு. எஞ்சினின் ஆயுள் வேறு. இவ்வுண்மையை நன்கு உணர்த்துவது, தென் அமெரிக்காவில் உள்ள தித்திக்காக்கா ஏரிக்கென அமைக்கப்பெற்ற 'யாவரி' என்னும் இரும்புக் கப்பலின் வரலாறு.

பெரு, பொலிவியா என்னும் இரு நாடுகளுக்கும் இடையே பரந்து கிடக்கும் அவ்வேரி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 12,500 அடி உயரத்தில் உள்ளது. இலங்கையின் அதியுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 8,281 அடியே என்பதை நினைத்துப் பார்த்தால், அந்நீர்ப்பரப்பு எத்துணை உயரத்தில் இருக்கின்றது என்பது நேயர்களுக்கு விளங்கும். கடலிலிருந்து அங்கே ஏறிச் செல்ல ஆற்று வழி இல்லை. அக்காலத்தில் புகையிரதப் பாதையும் ஏரிவரை செல்லவில்லை.

இந்நிலையில், பெரு அரசாங்கம் அவ்வேரிக்கென இரண்டு கப்பல்களை இங்கிலாந்தில் செய்வித்தது. 1862 ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் தேம்ஸ் இரும்புத் தொழிற்சாலையில் அவை உருவாயின. அவற்றுள் ஒன்றே யாவரி. இரண்டும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு கோவேறு கழுதை சுமக்கக்கூடிய எடையை மிஞ்சாதவாறு துண்டங்கள் அமைந்தன. அரிக்காத் துறைமுகத்தில் இறங்கிய அவை, தக்னா நகர்வரை புகையிரதத்திலும், அதற்கப்பால் அந்தீஸ் மலைத்தொடரின் ஒற்றையடிப் பாதைகளில் கழுதைகளின் முதுகிலும் மனிதரின் தோளிலும் சென்றன. ஆறு மாதத்தில் முடியும் என்று கருதிய பயணம் ஆறு ஆண்டுகளை விழுங்கியது. ஈற்றில், 1870 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று யாவரி ஏரியில் இறங்கியது.

அதன் முதல் எஞ்சின் 60 குதிரைவலு கொண்ட நீராவி எஞ்சின். எஞ்சின் இருந்தது, எரிபொருள் எங்கே? அவ்வுயரத்தில் நிலக்கரி இல்லை. வெட்டி எரிக்கக் காடும் இல்லை. ஆகவே, லாமா என்னும் சுமை விலங்கின் சாணத்தை உலர்த்தி, நம்மவர் வறட்டியை எரிப்பதுபோல எரித்தனர். வறட்டியோ விரைவில் எரிந்து தீரும். குவித்து வைக்க மிகுந்த இடமும் வேண்டும். சரக்கு ஏற்றவேண்டிய இடத்தை எரிபொருளே பிடித்துக்கொண்டது.

1914 ஆம் ஆண்டில் நீராவி எஞ்சின் விடைபெற்றது. அதன் இடத்தில் சுவீடன் நாட்டின் பொலிண்டர் நிறுவனம் செய்த, நான்கு உருளைகளைக் கொண்ட எண்ணெய் எஞ்சின் அமர்ந்தது. அதன் வலு 320 குதிரை. அவ்வெஞ்சின் இயங்கும் முறை எளியது. ஒவ்வோர் உருளையின் தலையிலும் ஓர் இரும்புக் குமிழ் உண்டு. அதனை முதலில் ஊதுவிளக்கினால் சூடேற்றவேண்டும். சூடேறிய குமிழில் எண்ணெய் பட்டதும் தீப்பற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அந்த எரிதலின் வெப்பமே குமிழின் சூட்டைக் காத்துக்கொள்ளும், விளக்கு வேண்டுவதில்லை. மின்பொறியும் வேண்டுவதில்லை.

ஒரு கலத்தின் எஞ்சினை மாற்றுவது, வண்டியில் மாட்டை மாற்றிப் பூட்டுவது போன்றதன்று. புதிய எஞ்சினின் எடைக்கும் அதிர்வுக்கும் ஏற்ப அதன் இருக்கை உறுதியாக அமையவேண்டும். எஞ்சினும் சுழல்தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். மயிரிழை பிசகினும் தாங்கிகள் தேய்ந்து அழியும். எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ற விசிறி வேண்டும். பழைய கொதிகலன் நீங்கிய இடத்தில் எடை குறைவதால், கலத்தின் சமநிலையையும் மீண்டும் கணக்கிடவேண்டும். அன்றியும், தித்திக்காக்காவின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கிலும் குறைவு. காற்றுக் குறைந்தால் எஞ்சினின் வலுவும் குறையும். வலுவை மாத்திரம் பார்த்து எஞ்சின் வாங்குவோர் ஏமாறுவது இத்தகைய காரணங்களால்தான்.

காலம் சென்றது. யாவரி ஓய்ந்து, கவனிப்பாரற்றுக் கரையோரத்தில் கிடந்தது. அப்பொழுது மெரியல் லார்க்கன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அதனைத் தேடி வந்தார். புகழ்பெற்ற கப்பல் கட்டுநரான அல்பிரட் யரோ அவருடைய முப்பாட்டனார். யாவரி அவர் கட்டிய கப்பல் என்றே அப்பெண்மணி முதலில் எண்ணியிருந்தார். அது பிறர் கட்டியது என்று தெரிந்தபின்பும் அவர் திரும்பிச் செல்லவில்லை. கப்பலின் உடல் சோதிக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்தும் இரும்புத் தகடுகள் நல்ல நிலையில் இருந்தன. உப்பற்ற நன்னீர் அவற்றைக் காப்பாற்றியிருந்தது. அந்த உறுதியின்மேல் நம்பிக்கை வைத்து, 1987 ஆம் ஆண்டில் கப்பல் வாங்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். உறங்கிப்போன பழைய எஞ்சினை அகற்றிவிட்டு, இக்காலத்து டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினால் வேலை எளிதில் முடியுமன்றோ? சரக்கேற்றிப் பிழைக்கும் கலமாயின் அதுவே அறிவுடைமை. 1914 ஆம் ஆண்டில் நடந்ததும் அதுதான். ஆனால், இப்பொழுது அக்கப்பலின் தொழில் வேறு. கடந்த காலத்தைக் கண்முன் காட்டுவதே அதன் தொழில். எனவே, பொலிண்டர் எஞ்சினையே பழுதுபார்த்தனர். பொருளும் பொறுமையும் ஒருங்கே வேண்டிய பணி அது. 1999 ஆம் ஆண்டில், பல பத்தாண்டு மௌனத்தின் பின், யாவரி தன் சொந்த வலுவிலேயே ஏரியில் நகர்ந்தது.

ஒரே கப்பலில் இருவேறு முடிவுகள்: ஒருமுறை பழைய எஞ்சினை நீக்கினார்கள், மறுமுறை பழைய எஞ்சினையே எழுப்பினார்கள். இரண்டும் சரியே. பயன் எதுவென்று தெரிந்தபின் எஞ்சினைத் தெரிந்தமையே அதற்குக் காரணம். எந்தக் கரையிலேனும் எஞ்சினற்ற படகொன்று கிடந்தால், அதன் உரிமையாளர் முதலில் எஞ்சின் விற்பவரிடம் போகவேண்டியதில்லை. படகின் அடியில் குனிந்து, பலகையையோ தகட்டையோ தட்டிப் பார்க்கட்டும். உடல் உளுத்திருப்பின் உயர்ந்த எஞ்சினும் வீண்செலவு. உடல் உறுதியாயின், எஞ்சின் இல்லையென்பது ஒரு குறைதான், முடிவன்று.