அறுவைக்குப் பிறகும் தமனியைக் கவனியுங்கள்

மார்ஃபான் நோய் மரபணுக் கோளாறு. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் இதில் பலவீனமாக இருக்கும். அதன் அடிப்பகுதி வீங்கினால், அந்த இடத்தை வெட்டியெடுத்து டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயை வைத்துத் தைப்பார்கள். உயிர் காக்கும் அறுவை சிகிச்சை இது. ஆனால் மாற்றியது ஒரு பகுதியைத்தான். மீதித் தமனிக்கு அதே பலவீனமான சுவர்தான். டேக்ரான் குழாய், இயற்கைத் தமனியைப் போல விரிந்து சுருங்காது. பழைய ரப்பர் குழாயின் நடுவே பிவிசி துண்டைச் செருகி மோட்டாரைப் போட்டால், பிவிசி அசையாது. அடுத்திருக்கும் ரப்பர்தான் உப்பும். தமனியிலும் அப்படி, ரத்தம் பாயும் அழுத்தம் அடுத்த பகுதியின்மேல் கூடுதலாக விழக்கூடும். அதனால்தான் அறுவைக்குப் பிறகும் தமனியை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

"வலியே இல்லையே, ஸ்கேன் எதற்கு?" என்று கேட்கலாம். தமனி பெரும்பாலும் வலிக்காமல்தான் விரியும். வலி வரும்போது உட்சுவர் கிழியத் தொடங்கியிருக்கலாம். "அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு ஆகாதே?" எம்ஆர்ஐ ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. எனவே, மருத்துவர் சொன்ன தேதியில் ஸ்கேன் எடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் வலித்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும், மார்ஃபான் நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.