கஞ்சியும் கனிவும்

(மீஞ்சூரில் நிகழ்த்திய சொற்பொழிவிலிருந்து)



இம்மீஞ்சூரில் முதியவர் ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறுகிறது. வீட்டார் வாயில் வரும் முதற்சொல் யாது? “ஸ்டான்லிக்குக் கொண்டு போங்கள்!” என்பதன்றோ! அந்த மருத்துவமனைக்கு வடசென்னை மக்கள் இட்ட பெயர் வேறு. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி! கவர்னர் ஸ்டான்லியின் பெயர் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. 1782-இல், போரும் பஞ்சமும் விரட்டிய ஏழைகட்குக் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. மருந்தின் பெயரால் மக்கள் அதனை அழைக்கவில்லை. பசித்த வயிற்றுக்கு ஊற்றிய கஞ்சியின் பெயரால் அழைத்தனர்!

கனிவு என்றதும் சிலர் நகைப்பர். “ஊசி போட்டால் போதாதா, உபசாரம் வேறா?” என்பர். போதாது, தோழர்களே! காசநோயாளி ஆறு திங்கள் விடாது மருந்துண்ண வேண்டும். வரிசையில் நின்றவன்மீது எரிந்து விழுந்தால், இரண்டாம் திங்களே வருவதை நிறுத்திவிடுகிறான். அரைகுறையாய் அடிபட்ட கிருமியோ, அம்மருந்துக்கு மசியாத கிருமியாய் மாறுகிறது! சொன்னால் திட்டுவார்களோ என்று நெஞ்சுவலியை விடியுமட்டும் மறைக்கும் மூதாட்டியரை நாம் அறிவோம். “என்னம்மா செய்கிறது?” என்ற ஒரு சொல், உயிர் காக்கும் செய்தியை வெளிக்கொணரும்.

பழியைச் செவிலியர் தலையில் சுமத்த நான் வரவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். செவிலியர் ஒருவர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் மாளும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறதாம்! ஒரே ஒருவர் கூடியதற்கு இது! கட்டில் நிரம்பித் தரையிலும் பாய் விரித்த கூடத்தில், இரண்டே கால்களோடு ஓடுகிறவரைப் பார்த்துப் புன்னகை எங்கே எனக் கேட்பது நியாயமா?

நம் மாநிலத்தில் 2015-இல் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட செவிலியருக்குத் அப்போது திங்கள் ஊதியம் 7,700 ரூபாயாக இருந்தது. கொரோனா நாளில், பெற்ற பிள்ளையும் அண்ட இயலாத நோயாளியின் அருகே, கவச உடைக்குள் வெந்து நின்றவர்கள் செவிலியர்கள். நாடே கைதட்டிற்று! அக்காலத்தில் சேர்க்கப்பட்டவருள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. மாற்றுப் பணி தருவோம் என்றது அரசு. நாளை வேலை உண்டா என்று நடுங்குபவர், நோயாளிக்கு எந்த வாயால் தைரியம் சொல்வார்?

ஆகவே, கிளைத் தோழர்கள் மருத்துவமனைக்காக மனு எழுதும்போது, கட்டில் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இரவுப் பணியில் செவிலியர் எத்தனை பேர், அவர்களுள் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர் என்றும் எழுதிக் கேளுங்கள்.