மீதமுள்ள மூன்று
கடலூர், சிதம்பரம் மக்களவைத் தொகுதிகளின் எல்லைக் கதை



சிதம்பரம் மக்களவைத் தொகுதியின் தேர்தலை நடத்தும் அலுவலர் யார் என்று கேட்டால், இந்த அரங்கில் பலர் கடலூர் ஆட்சியர் என்று சொல்லக்கூடும். 2024இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அரியலூர் மாவட்ட ஆட்சியர். அத்தேர்தலில் வென்ற தொல். திருமாவளவன் வேட்புமனு கொடுத்தது அரியலூரில். வாக்கு எண்ணிக்கை நடந்தது உடையார்பாளையம் பக்கத்துத் தத்தனூரில். தொகுதிக்குப் பெயர் கொடுத்தது மட்டும்தான் நம் ஊர். இந்த நிலைமை எப்படி வந்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதிகள் 39, சட்டமன்றத் தொகுதிகள் 234. ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கடலூர் மாவட்டத்தில் இருப்பவையோ ஒன்பது. ஒன்பதை ஆறால் வகுத்தால் மூன்று மிஞ்சும். அந்த மூன்றும் பக்கத்து மாவட்டத்து ஊர்களோடு சேர்ந்துதான் ஒரு தொகுதியாக முடியும். எந்த மூன்று என்பதில்தான் நம் மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றில் பாதி அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கு வருவதற்கு முந்தைய காலத்தில் இதைவிடச் சுவையான ஓர் ஏற்பாடு இருந்தது. 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சிதம்பரம் என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே கிடையாது. கடலூர் இருந்தது, அதற்கு இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் என்.டி. கோவிந்தசாமி கச்சிராயர், இன்னொருவர் எல். இளையபெருமாள். ஒரே நிலப்பரப்பு, ஒரே வாக்காளர் பட்டியல். ஓர் இடம் பொது, ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. தாழ்த்தப்பட்ட வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு முதலில் ஒதுக்கீட்டு இடம். மிச்சமுள்ளவர்களில் முன்னே நிற்பவருக்கு மற்ற இடம். அவர் எந்தச் சமூகத்தவராகவும் இருக்கலாம்.

கடைசி விதியில்தான் வெடி இருந்தது. 1957இல் ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர் வி.வி. கிரி. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை. இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் 1961இல் வந்துவிட்டது. தொகுதி மிகப் பெரிது, செலவு அதிகம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். அவை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொது இடத்துக்கும் ஒரு தலித்தோ பழங்குடியோ வரமுடியும் என்று கணக்கு காட்டிய பிறகுதான் அந்தக் காரணங்களுக்கு இத்தனை அவசரம் வந்தது.

சிதம்பரம் 1957இல் இரட்டைத் தொகுதியாகவே பிறந்தது. ஆர். கனகசபைப் பிள்ளையும் இளையபெருமாளும் சேர்ந்து டெல்லிக்குப் போனார்கள். தீண்டாமை பற்றி ஆராய 1965இல் இந்திய அரசு அமைத்த குழுவுக்கு இளையபெருமாளே தலைவர். 1969இல் அந்த அறிக்கை வெளிவந்தது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சட்டமன்றத்தில் இதே ஊருக்காக சுவாமி சகஜானந்தர் உட்கார்ந்திருந்ததும் அந்த இரட்டைத் தொகுதிக் காலத்தில்தான். நந்தனார் பள்ளியை 1916இல் தொடங்கியவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். அவரும் இரட்டைத் தொகுதியின் உறுப்பினர் என்பதைப் பலரும் மறந்துவிட்டோம்.

1967இல் எல்லாம் மாறியது. மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. சிதம்பரம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி ஆனது. அன்று முதல் 2024 வரை பதினைந்து மக்களவைத் தேர்தல்கள் நடந்திருக்கின்றன. பதினைந்திலும் அது தனித்தொகுதியே. உள்ளாட்சியில் ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும், மக்களவையில் அந்தச் சுழற்சி இல்லை. தாழ்த்தப்பட்டோர் விகிதம் கூடுதலாக உள்ள பகுதிகளைப் பார்த்து, மாநிலம் முழுக்கப் பரவலாக ஒதுக்கவேண்டும் என்பது விதி. இப்போதைய ஏழு தனித்தொகுதிகளில் விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம் மூன்றும் வடக்கிலிருந்து தெற்காக ஒரே வரிசையில் வருகின்றன. எந்த வகையில் இது பரவல் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது அந்த மீதக் கணக்குக்கு வருவோம். 1970களில் போட்ட எல்லைப்படி சிதம்பரம் தொகுதியில் குறிஞ்சிப்பாடி, புவனகிரி, காட்டுமன்னார்கோவில், சிதம்பரம், விருத்தாசலம், மங்களூர். கடலூர் தொகுதியில் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், அவற்றோடு உளுந்தூர்பேட்டை, ரிஷிவந்தியம், சங்கராபுரம். கோடு போட்ட நாளில் எல்லாம் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். மீதம் என்ற பேச்சே எழவில்லை. 1976இன் 42ஆம் திருத்தம் தொகுதி எண்ணிக்கையை உறையவைத்தது. மாவட்டங்களை யாரும் உறையவைக்கவில்லை. 1993 செப்டம்பரில் தென்னார்க்காடு இரண்டானதும் கடலூர் தொகுதி ஒரே இரவில் இரண்டு மாவட்டங்களில் காலூன்றி நின்றது. சங்கராபுரத்துக்காரருக்கு ஆட்சியர் விழுப்புரத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் கடலூரில். சிதம்பரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் ஆறும் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான எல்லை மறுவரையறை ஆணையம் 2001 கணக்கெடுப்பை வைத்து 2008இல் முடித்த வேலை, இதை அப்படியே திருப்பிப் போட்டது. திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய ஆறும் கடலூர் தொகுதியாயின. ஆறும் ஒரே மாவட்டம். மீதமான மூன்று எவை? புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில். அவற்றோடு அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூன்றையும் ஒட்டினார்கள். வரைபடம் தயாரான ஆண்டுகளில் பெரும்பகுதி அரியலூர் பெரம்பலூரோடு இணைந்திருந்தது. 2007 நவம்பரில் அது மறுபடி தனி மாவட்டமானது. 2009இல் வாக்களிக்கப் போனபோது சிதம்பரம் தொகுதி மூன்று மாவட்டங்களில் பரந்து கிடந்தது.

நெல்லிக்குப்பமும் மங்களூரும் சட்டமன்றத் தொகுதிகளாக இல்லாமலே போயின. 2001இல் திருமாவளவனை முதன்முதலில் சட்டமன்றத்துக்கு அனுப்பியது அந்த மங்களூர்தான். வள்ளலாரின் வடலூர் குறிஞ்சிப்பாடியோடு சேர்ந்து கடலூருக்குப் போனது. அதுவரை தனித்தொகுதியாக இருந்த பெரம்பலூர் பொதுத்தொகுதியானது. அங்கே வென்றுவந்த ஆ. இராசா நீலகிரிக்குப் போனார். விருத்தாசலத்து வாக்காளர் முப்பதாண்டுகளுக்கும் மேல் பழகிய தனித்தொகுதியிலிருந்து பொதுத்தொகுதிக்கு நகர்ந்தார். தன் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே.

எல்லை மாறியதால் முடிவு மாறியதா என்று என்னைக் கேட்கிறார்கள். 1999, 2004 இரண்டிலும் சிதம்பரத்தில் தோற்ற திருமாவளவன், புதிய எல்லையில் 2009இல் வென்றார், 2014இல் தோற்றார், 2019இல் 3,219 வாக்கில் வென்றார், 2024இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். ஒரே எல்லைக்குள் இத்தனை ஏற்ற இறக்கம். கூட்டணிக்குப் போகவேண்டிய பெருமையைக் கோட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே எல்லையை வரைகிறது. அங்கே கோடு போடுகிறவர் யார் என்று பார்த்தே முடிவை ஊகிக்கலாம் என்பார்கள். இங்கே வரைவது ஆணையம். மாநிலத்துக்கு ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், வாக்களிக்க முடியாது. ஆணை வந்துவிட்டால் நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழி மிகக் குறைவு.

எல்லை மாற்றியது உறுப்பினரின் வேலையை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் கொள்ளிடத் தண்ணீர் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் விவசாயிகளுக்கு உயிர். அரியலூர்ப் பக்கம் பேச்செல்லாம் சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம், லாரிப் புழுதி. சுரங்கம் கேட்கும் கேள்வியும் வாய்க்கால் கேட்கும் கேள்வியும் ஒரே ஆளிடம் வருகின்றன. அதே கீழணைத் தண்ணீரை நம்பியிருக்கும் கொள்ளிடத்துத் தென்கரைச் சீர்காழியோ மயிலாடுதுறைத் தொகுதியில் இருக்கிறது. தண்ணீரைப் பங்கிடுகிறவர்களைக் கோடு பிரித்தது, பழக்கமில்லாதவர்களைச் சேர்த்தது. சிதம்பரத்து வணிகர் சீர்காழிக்குப் போய்வருவது போல குன்னத்துக்குப் போய்வருவதில்லை. குன்னத்துக்காரருக்கும் சிதம்பரத்தில் தரிசனத்தைத் தவிர வேலை அதிகமில்லை.

84ஆம் திருத்தத்தின்படி இடங்களின் எண்ணிக்கை மாறாது என்ற உறைவு, 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள். டெல்லியில் எழும் சண்டை, தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் என்பது. அந்தச் சண்டை நியாயமானது. அது முடிந்த பிறகு நம் மாவட்டத்துக்குள் இன்னொரு கணக்கு தொடங்கும். 39 மாறினாலோ 234 மாறினாலோ வகுத்தலும் மாறும், மீதமும் மாறும். வரைவு வெளியானதும் ஆணையம் பொது அமர்வுகள் நடத்தும். அங்கே யாரும் போய்ப் பேசலாம், எழுதிக் கொடுக்கலாம். கட்சிக்காரர்கள் தவறாமல் வருவார்கள். வடவாற்றுப் பாசனக்காரர்களும், இப்பேச்சைக் கேட்கும் மாணவர்களில் நான்கு பேரும், தாலுகா வரைபடத்தையும் வாய்க்கால் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு அந்த அமர்வுக்குப் போகவேண்டும் என்பதே இந்த மேடையில் நான் வைக்கும் கோரிக்கை.