தாயாரின் பிறந்த வீடு – க்யூபெக் சொல்லும் பாடம்

(அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வம்சாவளி என்றதும் நமக்குக் கோத்திரமும் பிரவரமும்தான் நினைவுக்கு வரும். இன்று வேறொரு சமூகத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் வாழும் பிரெஞ்சு மொழிக்காரர்களில் பலரால் பத்துத் தலைமுறைக்கு மேல் முன்னோர் பெயரைச் சொல்ல முடிகிறது. தந்தை வழி மட்டுமல்ல, தாய் வழியும்தான்.

க்யூபெக் நகரம் 1608-ல் நிறுவப்பட்டது. பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்கள் குறைவு. பெண்கள் போதாமல், 1663 முதல் 1673 வரை மன்னர் பதினான்காம் லூயி தம் செலவில் சுமார் 770 பெண்களை அனுப்பி வைத்தார். இன்று அங்குள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை இவர்களில் ஒருவரையாவது மூதாதையாகக் கொண்டவை.

ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் சர்ச் பாதிரியார் பதிவேட்டில் எழுதினார். நகல் ஒன்று அரசாங்கத்துக்குப் போயிற்று. ஒன்று தீக்கிரையானாலும் மற்றொன்று மிஞ்சியது. 1993 முடிய இவையே சட்டபூர்வமான பதிவுகளாகவும் இருந்தன.

முக்கியமான விஷயம், பெண்ணை அவள் பிறந்த குடும்பப் பெயரிலேயே எழுதினார்கள். விவாகப் பதிவில் இரு தரப்புப் பெற்றோர் பெயரும், தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட, இருக்கும். ஆகவே ஒரு விவாகத்திலிருந்து முந்தைய விவாகத்துக்கு ஏணிப்படி போல ஏறிப் போகலாம். 1981-ல் வந்த சட்டப்படி, இன்றும் அங்கே கல்யாணமான பெண் பிறந்த பெயரிலேயே கையெழுத்திடுகிறாள்.

சிக்கல்களும் உண்டு. 1665-ல் வந்த பிரெஞ்சுப் படை வீரர்களுக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. லாஃப்ளூர் என்றால் மலர், சான்சூசி என்றால் கவலையற்றவன். குடும்பப் பெயரையும் பட்டப்பெயரையும் 'டி' என்ற சொல்லால் இணைத்தார்கள். 'எனப்படும்' என்று பொருள். பிறகு அண்ணன் ஒரு பெயரையும் தம்பி மற்றொன்றையும் வைத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானத்தில் ஆண் குழந்தைக்கு ஜோசப், பெண்ணுக்கு மரி என்று முன்னால் சேர்ப்பதும் வழக்கம். அழைக்கும் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அமெரிக்க ஆலைகளுக்குப் பிழைக்கப் போனவர்களில் 'புவாவேர்' சிலர் 'கிரீன்வுட்' ஆனார்கள். 'ருவா' சிலர் 'கிங்' ஆனார்கள்.

சிப்ரியன் டாங்கே என்ற பாதிரியார் இவற்றைத் தொகுத்து 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். 1966 முதல் மான்ட்ரீல் பல்கலைக்கழகத்தார் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றலாயினர்.

இதனால் என்ன பயன்? நான் விஞ்ஞானம் படித்தவன். சாகனே பகுதியில் டைரோசினீமியா என்ற கல்லீரல் நோய் பச்சிளம் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த ஜீன் வந்தால்தான் நோய் உண்டாகும். அதன் பரம்பரையை ஆராய்வதற்கு இந்த வம்சாவளிகள் உதவின. தாய் வழி தெரியாதிருந்தால் பாதிக் கணக்கு போயிருக்கும்.

நம் வீடுகளுக்கு வருவோம். தர்ப்பணத்தில் தாயார், பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களைச் சொல்கிறோம். ஆனால் கோத்திரம் புகுந்த வீட்டினுடையது. கொள்ளுப்பாட்டி எந்த ஊர்ப் பெண், அவள் தகப்பனார் யார் என்றால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

நம்மிடமும் ஒரு பதிவேடு உண்டு. அதுதான் கல்யாணப் பத்திரிகை. பௌத்ரி, தௌஹித்ரி என்று இரு வழித் தாத்தாக்களின் பெயரும் ஊரும் அதில் அச்சாகியிருக்கும். முகூர்த்தம் முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து ஒரு பிரதியாவது பத்திரப்படுத்துங்கள். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் ஆங்கில வருஷத்தையும் எழுதி வையுங்கள். அறுபது வருஷத்தில் அதே பெயர் திரும்ப வந்துவிடும். பின்பக்கத்தில் பெண்ணின் பாட்டிமார் பெயரையும் அவர்கள் பிறந்த ஊர், கோத்திரத்தையும் குறித்து வையுங்கள். வீட்டில் எண்பது தாண்டிய மாமியோ அத்தையோ இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.