சர்க்கரை பார்க்கும் மேசையில் இன்னும் இரண்டு கேள்விகள்

(அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)





நமது மாதாந்திர மருத்துவ முகாமுக்கு பீர்க்கன்கரணை மட்டுமல்லாமல் பெருங்களத்தூர், இரும்புலியூர், முடிச்சூர் பக்கமிருந்தும் மக்கள் வருகிறார்கள். விரலில் குத்தி சர்க்கரை பார்க்கிறோம், கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறோம், மருத்துவர் சீட்டு எழுதுகிறார், மருந்து வாங்க முடியாதவர்களுக்கு பைத்துல்மாலில் இருந்து உதவுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், இது நல்ல காரியம். இதே மேசையில் இனி இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்கலாமா என்று நிர்வாகக் குழு யோசித்து வருகிறது. அதற்கு உங்கள் சம்மதமும் ஒத்துழைப்பும் வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் மறைக்காமல் பேசிவிடுகிறேன்.

கேள்விகள் இவைதான். கடந்த இரண்டு வாரத்தில், வழக்கமாக விருப்பத்தோடு செய்கிற காரியங்களில் நாட்டமே இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? 'இல்லை' என்றால் பூஜ்யம். சில நாட்கள் என்றால் ஒன்று, பாதி நாட்களுக்கு மேல் என்றால் இரண்டு, கிட்டத்தட்ட தினமும் என்றால் மூன்று. இரண்டு கேள்விக்கும் சேர்த்து மூன்று அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் இன்னும் விரிவாகக் கேட்க வேண்டும். விரிவான பட்டியலில் ஒன்பது கேள்விகள் உண்டு. தூக்கம், பசி, களைப்பு, கவனம், தன்னைத் தானே குறைவாக நினைப்பது என்று போகும். பி.எச்.கியூ. என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தப் படிவத்தை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். உலகம் முழுக்க சாதாரண மருத்துவர்களின் அறைகளில் இது புழங்குகிறது. மதிப்பெண் கூடுதலாக வந்தாலே நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. சர்க்கரை முகாமில் எண் கூடினால் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம் அல்லவா? அது போல மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட ஆளை இப்படிச் சோர வைக்கும். அதையும் அவரே கண்டுபிடிப்பார்.

மனநலத்தைப் பொது மருத்துவத்தோடு ஏன் சேர்க்க வேண்டும்? தனி மருத்துவர்தான் இருக்கிறாரே என்று கேட்கலாம். நம் வீடுகளில் யாராவது "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகிறார்களா? தலைவலி என்கிறோம். நெஞ்சு படபடப்பு, கை கால் குடைச்சல், சாப்பிட்டது செரிக்கவில்லை, ராத்திரி தூக்கமில்லை என்கிறோம். கணவர் சபரில் இருக்க, மாமியாரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் "உடம்பெல்லாம் வலி" என்றுதான் சொல்வாள். கடன் கழுத்தை நெரிக்கிற வியாபாரி "கேஸ்" என்று சொல்லி மாத்திரை வாங்குவார். பிள்ளை பெற்று நாற்பது முடிந்த பின்னும் காரணமில்லாமல் அழும் தாயை "பெத்த உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். முதல் சில நாட்கள் அழுகை வருவது பலருக்கும் உள்ளதுதான். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்பது பொது மருத்துவர் முன்னால்தான். கேள்வியும் அங்கேதான் இருக்க வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. 1980களில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் மனநலப் பயிற்சி கொடுத்து நடத்திக் காட்டியது. அதைப் பார்த்துத்தான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் தொடங்கியது. ஆனாலும் 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவர்களில் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று சொன்னது. கணக்கெடுத்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், நடக்கப் போகமாட்டார், சாப்பாட்டில் கட்டுப்பாடு இருக்காது. சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை ஆளை இன்னும் சோர வைக்கும். இந்தச் சுழலை உடைக்க முடியுமா என்று சென்னை, டெல்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்ச் சர்க்கரை மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்து இருந்த 404 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஓர் ஒருங்கிணைப்பாளர். அவர் மருத்துவர் இல்லை. ஓராண்டு காலம் நோயாளியோடு தொடர்பில் இருந்து மாத்திரை, உணவு, மனநிலை எல்லாம் விசாரிப்பார். மனநல நிபுணரும் சர்க்கரை நிபுணரும் அவ்வப்போது அவரோடு உட்கார்ந்து ஒவ்வொருவரின் நிலையையும் பார்ப்பார்கள். இரண்டாண்டு முடிவில் மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது குறைந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம். ஒருங்கிணைப்பாளர் இருந்த பிரிவில் 71.6 சதவீதம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மனச்சோர்வு இருக்கிறது என்பது இரண்டு பிரிவிலுமே கேள்வி கேட்டுக் கண்டறியப்பட்டதுதான். வித்தியாசத்தை உண்டாக்கியது, அதன் பிறகு விடாமல் விசாரித்த ஆள். கேள்வி கேட்பது ஒரு நிமிட வேலை. கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டால், ஒருவருடைய புண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மருந்து போடாமல் போனதற்குச் சமம். ஆகவே பின்தொடர ஆள் தயாராகாமல் இந்தக் கேள்விகளை நம் முகாமில் தொடங்க மாட்டோம் என்பது நிர்வாகத்தின் உறுதியான முடிவு.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, "ஈமான் உறுதியாக இருந்தால் மனச்சோர்வு எப்படி வரும்?" என்பது. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் பார்வை மங்கிப் போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவர்களுடைய ஈமானில் யாராவது குறை சொல்ல முடியுமா? கதீஜா அம்மையாரும் அபூதாலிபும் மறைந்த ஆண்டை 'ஆமுல் ஹுஸ்ன்', துயர ஆண்டு என்றுதான் சீறா நூல்கள் குறிப்பிடுகின்றன. நோய்க்கு மருத்துவம் தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நம் முன்னோர் மனநோயை மருத்துவமாகவே பார்த்தார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ உடல் நோய்க்கும் மன நோய்க்கும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய மருத்துவமனையில் மற்ற நோயாளிகளோடு மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அது நடந்தது வக்ஃபு வருமானத்தில். நம்மைப் போன்ற அறக்கட்டளைகளுக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது.

இரண்டாவது, "ஓதிப் பார்த்தால் போதாதா?" என்பது. ஓதுங்கள், துஆ செய்யுங்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு ஓதுவதால் என்ன ஆகும் என்பதை நாம் ஏர்வாடியில் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் அங்கிருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கெட்டவர்கள் இல்லை. போக வேறு இடம் தெரியாதவர்கள். பிறகு அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவம் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. 'தவா–துஆ' என்று அதற்குப் பெயர். மருந்தும் வேண்டும், பிரார்த்தனையும் வேண்டும் என்று பொருள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்துவிட்டது.

மூன்றாவது ஆட்சேபம்தான் உண்மையில் எல்லோர் மனதிலும் இருப்பது. "வெளியே தெரிந்தால் பிள்ளைக்குச் சம்பந்தம் அமையாது." இந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிக்காஹ் பேசும் முன் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க என்னிடமே பலர் வருகிறார்கள். ஆகவே இந்த ஏற்பாட்டை இப்படி வகுத்திருக்கிறோம். கேள்விகள் வயது வந்த எல்லோரிடமும் கேட்கப்படும். தனி மேசை கிடையாது. யார் முன் யார் உட்கார்ந்தார் என்று யாரும் கணக்குப் பார்க்க முடியாது. பெண்களிடம் பெண்களே கேட்பார்கள், திரைக்கு உள்ளே, மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாமல். பதில் சொல்ல விருப்பமில்லாதவர் சொல்ல வேண்டாம். தாளில் பெயர் இருக்காது, டோக்கன் எண் மட்டும். அந்தத் தாள் மருத்துவரிடம் இருக்கும். அறக்கட்டளையின் பதிவேட்டில் ஏறாது. செயலாளராகிய நான் அதைப் பார்க்க மாட்டேன், தலைவரும் பார்க்க மாட்டார். ஜகாத் உதவிக்கு மனுப் போட்டவர்களின் கோப்போடு அதை எந்தக் காலத்திலும் சேர்க்க மாட்டோம். என்ன பதில் சொன்னால் உதவி கிடைக்கும், எதைச் சொன்னால் கிடைக்காது என்ற எண்ணம் வந்துவிட்டால் அப்புறம் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

நான்காவது, மாத்திரை பற்றிய பயம். "ஒருமுறை தொடங்கினால் சாகும்வரை சாப்பிட வேண்டும், ஆளைத் தூங்க வைத்துவிடும்" என்கிறார்கள். லேசான சோர்வுக்குப் பல நேரம் மாத்திரையே தேவைப்படாது. ஆலோசனையும் அன்றாட ஒழுங்கும் போதும். மாத்திரை கொடுத்தாலும் மனச்சோர்வு மருந்தும் தூக்க மாத்திரையும் ஒன்று இல்லை. அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு நாளில் பலனில்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று நாமே நிறுத்துவதும் தவறு. ரமலானில் நோன்புக்காக வேளையை மாற்ற வேண்டுமானால் ஷஅபானிலேயே மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக் கொடுப்பார், சிலரை நோன்பே வேண்டாம் என்பார்.

ஒன்பது கேள்விகளில் கடைசிக் கேள்வி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. "இதைப் போய்க் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமே" என்று ஒரு சகோதரி கவலைப்பட்டார். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது ஆராய்ச்சிகளில் தெளிவாகியிருக்கிறது. யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாரம் இறங்குகிறவர்கள்தான் அதிகம். 'ஆம்' என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். அன்றே மருத்துவர் பார்ப்பார், கூட ஓர் ஆள் போவார்.

அடுத்து எங்கே அனுப்புவோம்? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் போய்விடலாம். கடுமையான நிலை என்றால் 1794இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. இரவிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. இந்த இரண்டு எண்களையும் இன்றே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

இவ்வளவும் அரசு வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அப்படியானால் நம் வேலை என்ன? செங்கல்பட்டுக்குத் தனியே போகத் தெரியாத தாயோடு கூடப் போவது. ஒரு நாள் கூலியை இழந்து வரும் தொழிலாளிக்கு ரயில் செலவைக் கொடுப்பது. பதினைந்து நாள் கழித்து "மாத்திரை எடுக்கிறீர்களா, தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று போன் செய்வது. அந்த ஆய்வில் பலன் தந்தது இந்த வேலைதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொறுமையும், கேட்டதை வெளியே சொல்லாத வாயும் இருந்தால் போதும்.

ஆறு சகோதரிகளும் நான்கு சகோதரர்களும் முன்வந்தால் வேலையைத் தொடங்கலாம். மாதம் இரண்டு அரை நாட்கள் ஒதுக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரை வைத்து முதலில் பயிற்சி தருவோம். பயிற்சி முடிந்து, பின்தொடர ஆள் நிச்சயமான பிறகே கேள்வித்தாள் மேசைக்கு வரும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் தரலாம். இந்த ஏற்பாடே வேண்டாம் என்று நினைப்பவர்களும் வந்து காரணத்தைச் சொல்லுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அதையும் வைத்துப் பேசுவோம்.

அல்லாஹ் நம் வீடுகளில் நோயுற்றிருப்போருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்கு ஸப்ரையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.