சுவர் எழுப்பிய கைகள்



மது அருந்தாத குடும்பத்தாருக்குத் திராட்சை மது விளையும் நாட்டில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். ஆயினும், விடுமுறையில் போர்ச்சுகல் நாட்டின் டோரோ பள்ளத்தாக்கிற்குச் சென்று வந்தோம்.

போர்ட்டோ நகரிலிருந்து புறப்படும் இரயில் பின்னர் ஆற்றோரமாகச் செல்கிறது. பின்யாவ் நிலையத்துச் சுவர்களில் திராட்சை அறுவடைக் காட்சிகள் நீல ஓடுகளில் தீட்டப்பெற்றுள்ளன. வெளியே வந்து நிமிர்ந்தால், மலையெங்கும் படிப்படியாகத் தோட்டங்கள்! 1756-ஆம் ஆண்டிலேயே அரசு எல்லை வகுத்த மது நிலம் அது. 2001-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

அங்கே மண் குறைவு, கல் மிகுதி. பாறையை உடைத்து, சாந்தின்றிச் சுவர் அடுக்கி, அப்படிகளை அமைத்தோருள் பலர் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலி தேடி வந்தவர்கள். புட்டிகளில் வணிகர் பெயர் உண்டு. சுவர் எழுப்பியவர் பெயர் இல்லை.

ஒரு துளியும் பருகாமல், அச்சுவர்களைத் தொட்டு வணங்கித் திரும்பினோம். பிழைப்பை நாடி ஊர் கடந்து வந்தவர்கள் அல்லவா நாமும்? இச்சங்கத்தை எழுப்பிய முன்னோரின் பெயர்களையேனும் அடுத்த ஆண்டு மலரில் நம் பிள்ளைகளுக்காக எழுதி வைப்போம்.